காலர் மைக்கும் தங்கப்பழத்தின் இதயமும்

எல்லார் கையிலும் ஒரு கண்ணாடித் திரை வெளிச்சம் போட ஆரம்பித்துவிட்ட காலத்தில், விளம்பரப் படம் எடுக்கும் ஒருவரிடம் ஒரு காலர் மைக் இருந்தது. உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, தலையில் பஞ்சுக் குல்லாய் போட்டுக்கொண்டு இருக்கும். யார் பேசவேண்டுமோ அவர் சட்டையில், நெஞ்சுக்கு மேலே, அதைக் குத்திவிடுவார்கள்.

அந்த மைக் பயந்த சுபாவம். பிறவியிலேயே அப்படி இல்லை. கேட்டுக் கேட்டு வந்த பயம்.

பெட்டிக்குள் அதோடு குடியிருந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியவில்லை. கேமராவுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் உண்மை. கிளிசரின் பாட்டிலுக்கு எல்லாமே தமாஷ்.

"நேற்று அந்த அம்மாள் எப்படி அழுதார், பார்த்தாயா? மகனைக் கண்டதும் அப்படியே உடைந்து போனாரே! எனக்கே கண் கலங்கிவிட்டது" என்று கேமரா சொல்லும்.

"கலங்காதா பின்னே? அதில் பாதி நானில்லையா!" என்று கிளிசரின் குலுங்கும்.

மைக் வாயே திறக்காது. அந்த அம்மாளின் நெஞ்சில்தான் அது தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே அவர் இதயம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரைப்போல நிதானமாக நின்றுகொண்டிருந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. நடிப்பது அவர் தொழில். மைக்கைப் பயமுறுத்தியது அதற்குப் பிறகு நடந்தது. அந்த வீடியோ வெளியே போனது. ஊர் ஊராக, வீடு வீடாகப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் விம்மினார்கள். அவர்கள் நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது.

'காலியான நெஞ்சிலிருந்து கிளம்பிய ஒன்று இத்தனை நெஞ்சுக்குள் எப்படிப் போயிற்று? இனி இவர்களுக்கு நிஜமாக ஒன்று நடந்தால், அதற்கு உள்ளே இடம் இருக்குமா?'

இப்படி யோசிக்கும்போதெல்லாம் மைக்குக்குத் தன் வயர் சில்லிட்டுப்போகும்.

கொஞ்ச காலத்தில் ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். ஒரு நாள் ஹெல்மெட் கம்பெனி முதலாளி ஒருவர் விளம்பரப் படக்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். படக்காரர் பெயர் சுகந்தன்.

"நீங்க எடுத்துக் குடுத்த வீடியோவுக்குக் கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா? 'செட்டப்பு, செட்டப்பு'ன்னு ஒரே கேலி. ஜனங்க முன்ன மாதிரி இல்ல சார். மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடறாங்க. எனக்கு நிஜம் வேணும். நிஜமான பதற்றம், நிஜமான கண்ணீர். முடியுமா, முடியாதா?"

சுகந்தன் கெட்டவர் இல்லை. பெற்ற தாயைப் பார்க்க மாதம் தவறாமல் ஊருக்குப் போகிறவர்தான். ஆனால் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். திரும்பி வரும் வழியிலேயே தன் உதவியாளர் ரெஜினாவிடம் திட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"இனிமே நடிகர்களே வேண்டாம் ரெஜினா. ஒரு நிஜ அப்பா, ஒரு நிஜப் பொண்ணு. நாம சொல்லப்போறது ஒரே ஒரு பொய்தான்."

"என்ன பொய் சார்?"

"பொண்ணு வண்டில அடிபட்டுட்டான்னு அப்பாவுக்கு ஒரு போன். அவர் பதறுவாரு. அடுத்த நிமிஷமே அந்தப் பொண்ணு ஹெல்மெட்டோட வந்து எதிர்ல நிப்பா. 'தலைக்கவசம் இருந்ததால் உங்கள் மகள் வீடு திரும்பினாள்'னு எழுத்து வரும். எப்பிடி?"

"பாவம் சார், பெத்தவங்க."

"ஒரு நிமிஷப் பாவம். அதுக்கப்பறம் சந்தோஷம்தானே?"

பெட்டிக்குள் கிளிசரின் பாட்டில் முதல் தடவையாகச் சிரிப்பதை நிறுத்தியது.

"அப்போ நான்?"

"நீ வேண்டாமாம்" என்றது கேமரா. அதன் குரலில் ஆசை துள்ளியது. "இனி எல்லாம் நிஜம்."

மைக் பஞ்சுக் குல்லாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பொய்யான அழுகையைத்தான் இத்தனை நாள் கேட்டது. நிஜமான அழுகையை எப்படி வரவழைக்கப்போகிறார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. இது அதைவிடப் பயங்கரமாக இருந்தது.

தெற்கே, கடலோரத்து ஊர் ஒன்றில் தங்கப்பழம் என்று ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மனைவி இல்லை. மகள் பொன்செல்வி ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இந்த வீடியோக்கள் என்றால் உயிர். வெளிநாட்டிலிருந்து சொல்லாமல் வந்து நிற்கும் மகன், தொலைந்துபோய்க் கிடைத்த குழந்தை, தெருவில் கிடப்பவருக்குச் சோறு போடும் பணக்காரர் என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

"யாரோ யாரையோ கட்டிப்பிடிச்சா உனக்கென்ன பிள்ள?" என்று தங்கப்பழம் கேலி செய்வார்.

"யப்பா, இது நடிப்பு இல்ல. நிஜமா நடந்ததத்தான் எடுத்துப் போட்டிருக்காவ. பாருங்க, அந்த ஆளு கை எப்படி நடுங்குது!"

'உங்கள் அப்பாவைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று ஹெல்மெட் கம்பெனி கேட்டபோது முதல் ஆளாகச் சொன்னவள் அவள்தான். அப்பாவின் முகத்தை உலகம் பூராவும் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

படம் எடுக்கும் நாள் காலையில் ரெஜினா அவளைத் தனியாக அழைத்துப் போனாள். மைக் ரெஜினாவின் கையில் இருந்தது. ரெஜினா எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். போன் எப்படி வரும், என்ன சொல்வார்கள், எவ்வளவு நேரம் என்று எல்லாவற்றையும்.

பொன்செல்வியின் முகம் வெளுத்தது.

"அக்கா, அப்பா ரொம்ப பயந்துருவாவளே."

"பயப்படுவாருதாம்மா. உனக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் சார்கிட்டப் பேசறேன்."

மைக் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது. 'வேண்டாம் என்று சொல். சொல்லம்மா.'

பொன்செல்வி கையிலிருந்த புது ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பாவைத் தான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதும், பின்னால் இசை எழும்புவதும் அவள் மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

"ஒரு நிமிசந்தானக்கா?" என்றாள்.

வேன் நிறுத்தும் கொட்டகையில் தங்கப்பழம் தலைக்கு எண்ணெய் வைத்து, சலவைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். 'பத்திரமாக வண்டி ஓட்டுகிறவர்கள்' என்று ஒரு நிகழ்ச்சி எடுக்கப்போவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள். பொன்செல்வி கடைக்குப் போயிருப்பதாக அவருக்கு நினைப்பு. அவளோ மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

ரெஜினா மைக்கை அவர் சட்டையில் குத்தினாள். 

"யார் அது வாசலில்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தங்கப்பழத்தின் இதயம்.

"நான்தான். மைக்."

"ஓ, இவரைப் பேச வைக்கப் போகிறார்களா? நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மாட்டாரே!" என்று இதயம் சிரித்தது.

மைக்குக்குச் சிரிப்பு வரவில்லை. அது உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தது. சீராக அடித்துக்கொண்டே வந்த இதயம், நடுவில் ஓர் இடத்தில் தயங்கி நின்றது. பிறகு எதுவும் நடக்காததுபோல மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"என்ன அது? நின்றுவிட்டாயே!"

"அதுவா? கொஞ்ச நாளாக இருக்கிறது. மாடி ஏறுகிறவர் நடுப்படியில் நின்று மூச்சு வாங்குவதில்லையா, அது மாதிரி. இவருக்குத் தெரியாது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் இவர் சற்று உட்காருவார். அப்போது நானும் உட்கார்ந்துகொள்வேன். அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்."

மைக் அவசரமாகச் சொன்னது:

"நான் சொல்வதைக் கேள். இன்னும் சற்று நேரத்தில் இவருக்கு ஒரு போன் வரும். மகளுக்கு அடிபட்டுவிட்டது என்பார்கள். பொய். சுத்தப் பொய்! அவள் அந்தச் சுவருக்குப் பின்னால் குத்துக்கல்லாட்டம் நிற்கிறாள். நீ நம்பாதே. ஓடாதே."



"நீ சொல்வது எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் அதை இவரிடம் சொல்ல எனக்கு வாய் இல்லை. இவர் காதில் விழுவதுதான் எனக்கு உத்தரவு."

"பொய் என்று தெரிந்துமா?"

"தெரிந்தும்தான். இவர் ஓடும்போது நான் மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பேன்? அதுவும் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னால்..." இதயம் முடிக்கவில்லை. மறுபடியும் ஒரு கணம் தயங்கி நின்றது.

இதைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மைக்கால் முடியவில்லை. அதுவரை ஒரு நாளும் தன் வேலையில் குறை வைக்காத மைக், முதல் தடவையாக வேண்டுமென்றே கொரகொரத்தது.

ஹெட்போன் மாட்டியிருந்த சுகந்தன் முகம் சுளித்தார். "ரெஜினா, மைக்ல ஏதோ உரசுது. சட்டைக்கு உள்பக்கமா ஒட்டு."

ரெஜினா வந்து மைக்கைக் கழற்றி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். இப்போது மைக்குக்கும் இதயத்துக்கும் நடுவில் தோல் மட்டும்தான்.

'அதுவும் நல்லதுதான்' என்று மைக் நினைத்தது. 'இந்த இதயம் தடுக்கி விழுவதை அப்படியே சுகந்தன் காதில் கொண்டுபோய்ப் போடுகிறேன். கேட்டால் நிறுத்திவிடுவார்.'

மற்றச் சத்தங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இதயத்தின் அடியை மட்டும் தன்னால் முடிந்த மட்டும் உரக்க அனுப்பியது. அடி, அடி, அடி. தயக்கம். பிறகு அடி.

சுகந்தனின் கண்கள் விரிந்தன.

"ஏய், ஹார்ட் பீட் கேக்குது ரெஜினா! அப்படியே கேக்குது! இதையே மியூசிக்குக்கு அடியில ஓட விட்டுடலாம்." கொஞ்சம் கேட்டார். "என்ன, நடுநடுவுல கட்டாகுது. மைக் பழசாயிடுச்சு. பரவால்ல, எடிட்ல சரி பண்ணிக்கலாம்."

மைக்குக்கு வேறு வழி தெரியவில்லை. கேமரா கண்ணைத் திறந்துகொண்டது.

தங்கப்பழம் முதலில் திணறினார். பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதும் பேச்சு வந்தது.

"பிள்ளைங்க வண்டில இருந்தா பிரேக்கக்கூட மெதுவாத்தான் மிதிக்கணும். தூங்குத பிள்ள எழும்பிரும்லா."

"உங்க பொண்ணப் பத்திச் சொல்லுங்க."

"அவ அம்மை போனப்பறம் எல்லாம் நாந்தான். சோறு பொங்குவேன், துணி துவைப்பேன். சடை பின்னத்தான் இன்னைக்கு வரைக்கும் வரல." வெட்கத்தோடு சிரித்தார். "கோணலாத்தான் பின்னுவேன். அதோடயே பள்ளிக்கூடம் போவா. ஒரு நாளும் அழிச்சுப் பின்னினது கெடையாது."

அந்த நேரத்தில் அவர் இதயம் விரிந்த விதத்தை மைக் எந்த நெஞ்சிலும் கேட்டதில்லை. நிஜம் வேண்டும் என்று தேடி வந்தவர்களுக்கு முன்னால், நிஜம் இதோ உட்கார்ந்திருந்தது. யாரும் அதைப் போதும் என்று சொல்லவில்லை. சுகந்தன் கையை உயர்த்தி ரெஜினாவுக்குச் சைகை காட்டினார்.

போன் அடித்தது.

"அலோ... ஆமா, பொன்செல்வி அப்பாதான்... யாரு பேசுதது?... என்னது?... எங்க?"

  எழுந்தார், நாற்காலி பின்னால் விழுந்தது. வேன் கதவைத் திறக்கப் போனார், திறக்க வரவில்லை. சாவி கையிலேயே இருந்தது. அதைச் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏய்... சாவி எங்க... யாராவது சாவிய... எம் பிள்ள... எம் பிள்ளைக்கு..."

உள்ளே இதயம் ஓடத் தொடங்கிவிட்டது. படி தெரியாத இருட்டில் மாடியேறுகிற ஓட்டம். "பொய்! பொய்! நில்!" என்று மைக் கதறியது. இதயத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லை.

சுவருக்குப் பின்னாலிருந்து பொன்செல்வி ஓர் அடி எடுத்து வைத்தாள். சுகந்தன் அவள் பக்கம் கையை நீட்டித் தடுத்தார். அவர் கண் அப்பாவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"இரும்மா. இன்னும் கொஞ்சம். இந்த மாதிரி முகம் கெடைக்காது."

"சார், போதும்" என்றாள் ரெஜினா. போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

"ஒரே நிமிஷம்!"

தங்கப்பழம் முழங்கால் மடிந்து வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பொன்செல்விக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சுகந்தன் கையைத் தட்டிவிட்டு ஓடினாள். ஹெல்மெட்டோடு வந்த உருவத்தை அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவள் அதைக் கழற்றி எறிந்தாள்.

"யப்பா, நாந்தாம்ப்பா! ஒண்ணும் இல்லப்பா! சும்மா வெளையாட்டுக்கு... இந்தா பாருங்க, நல்லாருக்கேன்!"

அவர் அவள் தலையைத் தடவினார். நெற்றியைத் தடவினார். கையை எடுத்து விரலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. மறுபடி தடவினார். அழுதார், சிரித்தார். பிறகு மெதுவாக, அலுத்துப்போய் உட்காருகிறவரைப்போல, அவள் தோளிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவே மைக்குக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதை நெஞ்சோடு அழுத்தியது. ஒன்றுமில்லை. "தம்பி" என்று கூப்பிடும் அந்தக் குரல் இல்லை. ஊரையே மூடிவிட்டதுபோல் ஓர் அமைதி. அந்த அமைதியைத்தான் மைக் அனுப்பியது. அனுப்ப அதனிடம் வேறு எதுவும் இல்லை.

சுகந்தன் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். "போச்சு. மைக் செத்துருச்சு."

அதைச் சரி பண்ணத்தான் அவர் வந்தார். குனிந்து, சட்டைக்குள் கையை விட்டு மைக்கைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. அந்த நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். 

"ரெஜினா..." என்றார்.  "ரெஜினா, இவர்..."

ரெஜினா அவரைத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். கல்லூரியில் முதலுதவி படித்தவள். தங்கப்பழத்தைத் தரையில் கிடத்தி, இரண்டு கையையும் கோத்து நெஞ்சில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினாள். மறுபடி. மறுபடி. அவள் உள்ளங்கைக்கும் அந்த நெஞ்சுக்கும் நடுவில் மைக் இருந்தது. முதல் அமுக்கிலேயே அதன் தலை நசுங்கியது. இரண்டாவதில் உள்ளே ஏதோ முறிந்தது.

"அடி, என்மேல் அடி. நிறுத்தாதே" என்று மைக் சொல்லிக்கொண்டே இருந்தது. அது யாருக்கும் கேட்கவில்லை.

பொன்செல்வி அலறிக்கொண்டிருந்தாள். கேமராவை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அது கண்ணைத் திறந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தது.

"மூடு. தயவுசெய்து கண்ணை மூடு" என்றது மைக்.

"எனக்கு இமை இல்லை" என்றது கேமரா. முதல் தடவையாக அதன் குரலிலும் பயம் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று மைக்குக்குத் தெரியாது. எங்கோ ஆழத்தில், கிணற்றடியில் கல் விழுந்ததுபோல் ஓர் ஓசை. பிறகு இன்னொன்று. ஆம்புலன்ஸ் வரும்போது இதயம் மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சட்டையை வெட்டி எடுத்தபோது மைக் கீழே விழுந்தது. பொன்செல்வி அதைப் பொறுக்கினாள். என்ன ஏது என்று பார்க்காமலே கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு அது அவள் கைப்பையிலேயே தங்கிவிட்டது. அதற்கு மேல் அதனால் எந்தச் சத்தத்தையும் வெளியே அனுப்ப முடியவில்லை. காது மட்டும் போகவில்லை.

தங்கப்பழம் பிழைத்துக்கொண்டார். வைத்தியம் சரியாக நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதைத் தங்கப்பழம் கேட்டுக்கொண்ட விதம்தான் மைக்குக்குத் திக்கென்றது.

"சரிங்க சார்" என்று அவர் அடக்கமாகச் சொன்னார். சொல்லிவிட்டு டாக்டரின் சட்டைப்பையை, பேனாவை, கழுத்திலிருந்த குழாயை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நான் எந்தப் பக்கம் பாக்கணும் சார்?"

டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இதற்குள் வீடியோ வெளியே போய்விட்டது. அதைப் போடக்கூடாது என்று ரெஜினா சண்டை போட்டாள். வேலையையும் விட்டாள். சுகந்தன் அன்றிலிருந்து கேமராவைத் தொடவே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் எடுத்தது ஏற்கெனவே கம்பெனியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அப்பா மகளைத் தடவிப் பார்த்து அழுது சிரிக்கிற இடத்தோடு அவர்கள் வெட்டிவிட்டார்கள். அடியில் இதயத் துடிப்பு ஓடியது. தயங்கிய இடங்களையெல்லாம் நிரவி, சீராக்கியிருந்தார்கள்.

வார்டில் நர்ஸ் ஒருத்தி அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். தலையைத் தூக்கியவள் எதிரில் படுத்திருந்தவரைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"ஐயா, இது நீங்கதானே? எவ்வளவு நல்லா நடிச்சிருக்கீங்க! எனக்கு அழுகையே நிக்கல."

"காட்டும்மா, பாப்போம்" என்றார் தங்கப்பழம்.

நர்ஸின் போன் பெருமையோடு அவர் முகத்துக்கு நேரே ஒளிர்ந்தது. "உங்களை ஊரே பார்த்துவிட்டது பெரியவரே. பாதிப் பேர் அழுகிறார்கள். மீதிப் பேர் செட்டப் என்கிறார்கள். எப்படியானாலும் பார்க்கிறார்கள்!" என்று பீற்றிக்கொண்டது. அது சொன்னது மைக்குக்கு மட்டும் கேட்டது.

தங்கப்பழம் கடைசிவரை பார்த்தார். தான் சாவியைத் தேடுவதை, தான் முழங்கால் மடிவதை, தன் வாய் கோணுவதை, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பரவால்ல. நல்லாத்தான் அழுதிருக்கேன்" என்றார்.

கட்டிலருகே நின்ற பொன்செல்வி அதைக் கேட்டாள். அவளும் வீடியோவின் கீழிருந்த பின்னூட்டங்களைப் படித்திருந்தாள். 'மகள் நடிப்பு சுமார், அப்பா சூப்பர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இதையெல்லாமா நம்புறீங்க' என்று இன்னொருவர். கொஞ்ச நாள் முன்பு வரை அவளே இப்படிப் பார்த்து அழுதுவிட்டு, அடுத்த வீடியோவுக்குப் போனவள்தான். அப்பா தன்னைப் பார்த்த அந்தப் பார்வை, விரலில் ரத்தம் தேடிய அந்தப் பார்வை, அவளை உட்காரவும் விடவில்லை, சாப்பிடவும் விடவில்லை.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று சாயங்காலம் அவள் கைப்பையில் மருந்துச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கையில் மைக் தட்டுப்பட்டது. தலை நசுங்கி, வயர் அறுந்து கிடந்த அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் உடைந்தது. அதைக் கையில் இறுக்கிக்கொண்டு அப்பாவின் கட்டிலில் போய் விழுந்தாள்.

"யப்பா... எனக்குத் தெரியும்ப்பா. அந்தப் போன் வரும்னு எனக்கு முன்னமே தெரியும். அந்த அக்கா வேண்டாம்னா சொல்லிருன்னுகூடச் சொன்னாவ. நாந்தான்... நாந்தாம்ப்பா தலையாட்டினேன். உங்கள அப்படி... என்னய அடிங்கப்பா. ஒரு அடி அடிங்க..."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழகில்லாத அழுகை. மூக்கு ஒழுகியது, எச்சில் வழிந்தது, மூச்சு விக்கியது. எந்தக் கேமராவும் இப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளாது. மைக்கை மூடிய அவள் கை அப்பாவின் முதுகில் அழுந்தியிருந்தது. முதுகு வழியாக மைக் அவர் இதயத்தைக் கேட்டது.

அது அடித்துக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல், சீராக, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரைப்போல.

"ஓடு!" என்றது மைக்.  "ஏன் இப்படி நிதானமாக இருக்கிறாய்? உன் பிள்ளை அழுகிறாள். இது நிஜம். நான் ஆயிரம் நெஞ்சைக் கேட்டவன், சத்தியமாகச் சொல்கிறேன். இது நிஜம்!"

"எனக்குத் தெரிகிறது தம்பி" என்றது இதயம். களைத்த குரல். "ஆனால் இவர் இன்னும் உத்தரவு தரவில்லை."

"என்ன செய்கிறார்?"

"பார்த்துக்கொண்டிருக்கிறார்."

தங்கப்பழம் மகளின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். மருந்து வைக்கும் அலமாரியின் இடுக்கைப் பார்த்தார். எங்கும் கேமரா எதுவும் தென்படவில்லை. அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு, அவள் மனசு நோகக்கூடாதே என்று, வேறு யாருக்கும் கேட்காதபடி அவள் காதோரம் குனிந்து கேட்டார்:

"நல்லா வந்துச்சாம்மா? இல்ல, இன்னொரு தடவ அழணுமா?"